வலஞ்சுழியா, இடஞ்சுழியா? – வாசகர் கேள்வி பதில்

சுழலும் திசையைக் குறிக்கும் சொற்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை இணைத்துவிட்டோம்.

கேள்வி: வலஞ்சுழி என்றால் கடிகார முள் சுற்றும் திசை, இடஞ்சுழி என்றால் அதற்கு எதிர்த்திசை என்று படித்திருக்கிறோம். ஆனால் ஒரே சக்கரத்தைப் பார்த்து ஒருவர் வலஞ்சுழி என்கிறார், இன்னொருவர் இடஞ்சுழி என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஒருவர் இந்தப் பக்கம் நிற்கிறார், மற்றவர் அந்தப் பக்கம் நிற்கிறார், அவ்வளவுதான். கடிகாரத்துக்கு முகப்பு என்று ஒன்று உண்டு; எல்லோரும் அந்தப் பக்கமிருந்துதான் பார்க்கிறோம். அதனால் 'கடிகார முள் திசை' என்றதும் எங்கிருந்து பார்க்க என்று யாரும் கேட்பதில்லை. சுழலும் தண்டுக்கு முகப்பு கிடையாது. இரண்டு முனைகள் இருக்கின்றன. ஒரு முனையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகத் தெரிவது மறுமுனையிலிருந்து பார்க்க இடஞ்சுழிதான்.

ஆகவே 'வலஞ்சுழி' என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான் போய்ச் சேரும். 'மோட்டாரின் தண்டுப் பக்கமிருந்து பார்க்க வலஞ்சுழி' என்றால் முழுத் தகவல். கீழே வரும் பதில்களில் பாதி, இந்த விடுபட்ட பாதியைத் தேடிப் பிடிக்கிற வேலைதான்.

பார்க்கும் பக்கத்தைச் சொல்லாமலே திசையைச் சொல்ல ஒரு வழி உண்டு. சுற்றுகிறவரின் உடம்பை வைத்தே சொல்லிவிடுவது. 'வலம் வருதல்' என்ற சொல் அப்படித்தான் அமைந்திருக்கிறது: நடுவில் உள்ளது நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றி வருவது. மேலிருந்து பார்த்தால் அது வலஞ்சுழி. ஓட்டப்பந்தயத் தடகள விதியும் இதே பாணியில் 'இடக்கை உள்பக்கம்' என்கிறது. மேலிருந்து பார்க்க அது இடஞ்சுழி. இரண்டிலும் பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்ற கேள்வியே எழாது.

கேள்வி: கடிகார முள் ஏன் அந்தத் திசையில் சுற்றுகிறது? மாற்றி வைத்திருந்தால் என்ன?

இயந்திரக் கடிகாரம் ஐரோப்பாவில் உருவானபோது நேரம் காட்டப் பழகியிருந்தது சூரியக் கடிகாரம். வட அரைக்கோளத்தில், தரைக்கு இணையாக வைத்த சூரியக் கடிகாரத்தில் நிழல் காலையில் மேற்கே விழுந்து, நண்பகலில் வடக்கே வந்து, மாலையில் கிழக்கே போகும். அது வலஞ்சுழி. முள்ளும் அதைப் பின்பற்றியது என்பதுதான் வழக்கமான விளக்கம். தென் அரைக்கோளத்தில் நிழல் தெற்கு வழியாகப் போவதால் இடஞ்சுழி.

இந்த விளக்கத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதே வட அரைக்கோளத்தில் தெற்குப் பார்த்த சுவரில் பதித்த சூரியக் கடிகாரத்தில் நிழல் இடஞ்சுழியாகத்தான் நகரும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் இன்னொரு வேடிக்கை. செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் ஆண்டின் ஒரு பகுதியில் நண்பகலில் வலஞ்சுழியாகவும், சூரியன் உச்சியைத் தாண்டி மறுபுறம் போகும் நாட்களில் இடஞ்சுழியாகவும் நகரும். எதிர்த்திசையில் சுற்றும் கடிகாரமும் இல்லாமல் இல்லை. பிராக் நகரின் யூத நகர மன்றத்தில் எபிரேய எழுத்துள்ள கடிகாரம் இடஞ்சுழியாக ஓடுகிறது. பொலிவியாவின் லா பாஸ் நகரில் நாடாளுமன்றக் கட்டடத்தின் கடிகாரத்தை 2014-இல் இடஞ்சுழியாக மாற்றினார்கள்.

கேள்வி: இவ்வளவு சிக்கல் எதற்கு? 'வலப்பக்கம் சுற்று', 'இடப்பக்கம் சுற்று' என்று சொன்னால் போதாதா?

போதாது. சக்கரத்தின் மேல்விளிம்பு வலப்பக்கம் போகும்போது கீழ்விளிம்பு இடப்பக்கம் போகிறது. ஸ்பேனரின் கைப்பிடி மேலே நீட்டிக்கொண்டிருந்தால் 'வலப்பக்கம்' என்பது வலஞ்சுழி. அதே கைப்பிடி கீழே தொங்கினால் 'வலப்பக்கம்' என்பது இடஞ்சுழி. வாகனத்தின் அடியில் படுத்துக்கொண்டு வேலை செய்கிறவரிடம் மேலே நின்று 'ரைட்ல திருப்பு' என்று சொல்வதால்தான் பல மரைகள் (போல்ட், நட்டில் உள்ள திருகு வரிகள்) வழுக்கிப் போகின்றன.

கேள்வி: போல்ட்டை முறுக்க வலஞ்சுழி, கழற்ற இடஞ்சுழி என்பது எல்லா இடத்துக்கும் பொருந்துமா? நட்டு மறுபக்கம் இருந்தால் திசை மாறுமா? சில போல்ட்டுகள் எவ்வளவு திருப்பியும் கழலாமல் இறுகிக்கொண்டே போகின்றனவே?

மூன்று கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாதாரண மரைக்கு (பட்டறையில் 'ரைட் திரெட்') போல்ட்டின் தலைப் பக்கமிருந்து பார்க்க வலஞ்சுழியாகத் திருப்பினால் முறுகும். நட்டைத் திருப்புவதானால் நட்டுப் பக்கமிருந்து பார்க்க வலஞ்சுழி. எதைத் திருப்புகிறீர்களோ அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே விதி. திருப்பும் பொருளின் முகம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உதாரணமாகக் கையை மட்டும் உள்ளே விட முடிகிற இடத்தில், வலக்கையை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். நட்டு எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கம் கட்டைவிரலை நீட்டுங்கள். மற்ற நான்கு விரல்களும் மடங்கும் திசையில் திருப்புங்கள். தலைகீழாகத் தொங்கினாலும் இது தவறாது.

கழலாமல் இறுகுவது எதிர்மரையாக ('லெஃப்ட் திரெட்') இருக்கலாம். மரை கொஞ்சமேனும் வெளியே தெரிந்தால் பார்த்தே சொல்லிவிடலாம். போல்ட்டைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். மரை வரிகள் வலப்பக்கம் ஏறினால் சாதாரண மரை, இடப்பக்கம் ஏறினால் எதிர்மரை. போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் இந்தச் சாய்வு மாறாது. சுழற்சி, பார்க்கும் பக்கத்தைப் பொறுத்து மாறும், முறுக்கு (வரிகள் சாய்ந்து ஏறும் விதம்) மாறாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய தொல்லை.

எதிர்மரை வரும் வழக்கமான இடங்கள் சில. சைக்கிளின் இடப்பக்க மிதி. இரண்டு பக்கமும் கல் உள்ள பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்க நட்டு. எரிவாயு சிலிண்டர்களின் ரெகுலேட்டர் இணைப்பு நட்டுகள்: வெல்டிங் பட்டறையில் அசிட்டிலின் இணைப்பு எதிர்மரை, ஆக்சிஜன் இணைப்பு சாதாரண மரை, ஒன்றை மற்றொன்றில் தவறி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. எரிவாயு நட்டின் அறுகோண மூலைகளில் சிறு வெட்டுகள் இருக்கும். அது எதிர்மரைக்கான அடையாளம். கம்பியை இழுத்து இறுக்கும் டர்ன்பக்கிளில் ஒரு முனை சாதாரணம், மறுமுனை எதிர்மரை; நடு உடலைத் திருப்பும்போது இரண்டு கம்பியும் சேர்ந்து உள்ளே வருவது அதனால்தான். மேசை மின்விசிறியில் இறக்கையைப் பிடித்திருக்கும் திருகுமூடியும் பெரும்பாலும் எதிர்மரை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும்.

விசிறி, கிரைண்டர் இரண்டிலும் காரணம் ஒன்றே. மோட்டார் சட்டென்று கிளம்பும்போது நட்டு தன் எடையால் ஒரு கணம் பின்தங்கும். பின்தங்குவது என்றால் தண்டுக்கு எதிர்த்திசையில் திரும்புவது. அந்தத் திருப்பம் நட்டை இறுக்க வேண்டும். மேசை விசிறி முன்பக்கமிருந்து பார்க்க வலஞ்சுழியாக ஓடுவதால், பின்தங்கும் மூடி இடஞ்சுழியாகத் திரும்புகிறது. இடஞ்சுழியில் இறுகுவது எதிர்மரை.

கேள்வி: சைக்கிள் மிதியைக் கழற்ற முயன்று கிராங்கின் (மிதியைத் தாங்கும் கை) மரையே போய்விட்டது. இடம் எது, வலம் எது என்று ஒவ்வொரு முறையும் குழப்பம். எளிய வழி உண்டா?

உண்டு, அதில் வலஞ்சுழி இடஞ்சுழி என்ற பேச்சே வராது. 15 மி.மீ. தட்டையான ஸ்பேனரை மிதித் தண்டில் மாட்டி, கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்படி வையுங்கள். கைப்பிடியைச் சைக்கிளின் பின்சக்கரப் பக்கமாகத் தள்ளினால் கழலும், முன்சக்கரப் பக்கமாகத் தள்ளினால் முறுகும். இரண்டு மிதிக்கும் இதே விதி. வலப்பக்க மிதி சாதாரண மரை, இடப்பக்க மிதி எதிர்மரை; எதிரெதிர்ப் பக்கமிருந்து பார்ப்பதால் கணக்கு ஒன்றாகிவிடுகிறது. சில மிதிகளில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டை முகம் இருக்காது. தண்டின் உள்முனையில் ஆலன் சாவிக்குத் துளை இருக்கும். சாவியைச் சைக்கிளின் உள்பக்கமிருந்து செருகினாலும் கைப்பிடி மேலே, பின்னால் தள்ளினால் கழலும் என்பது மாறாது.

மாட்டும்போதுதான் மரை அதிகம் கெடுகிறது. மிதித் தண்டு எஃகு, கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். மரை கோணலாக ஏறினால் எஃகு தோற்காது. தண்டின் முனையில் 'எல்', 'ஆர்' என்று பொறித்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள். மரையில் கிரீஸ் தடவி, ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாமல் இறுகினால் ஏதோ தப்பு. கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். மரை அளவு பெரும்பாலான சைக்கிள்களில் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 வரி. ஒரே துண்டாக வளைத்த பழைய வகைக் கிராங்குகளில் அரை அங்குலம் வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது.

இடப்பக்கம் ஏன் எதிர்மரை என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். பேரிங் உராய்வை மட்டும் வைத்து யோசித்தால், இப்போதுள்ள ஏற்பாடு தலைகீழாகத் தோன்றும். உராய்வு மிதியைக் கழற்றும் பக்கம்தான் இழுக்கிறது. ஆனால் மிதிக்கும் பாரம் எப்போதும் கீழ்நோக்கி இருக்க, கிராங்க் சுற்றிக்கொண்டே போவதால், மரைத்துளைக்குள் தண்டு மிகச் சிறிய இடைவெளியில் உருண்டுகொண்டே இருக்கிறது. அந்த உருளல் உராய்வுக்கு எதிர்த்திசையில், அதைவிடப் பலமாக, தண்டைத் திருப்புகிறது. பேரிங் இறுகிச் சிக்கிக்கொண்டால் மட்டும் உராய்வு ஜெயித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மிதி தானாகக் கழன்றால் முதலில் பேரிங்கைச் சோதியுங்கள்.

கேள்வி: மோட்டார் இணைப்பை மாற்றிய பிறகு பம்பில் தண்ணீர் குறைவாக வருகிறது. தண்ணீர் வருவதால் திசை சரிதான் என்கிறார் மெக்கானிக். பின்பக்க விசிறியைப் பார்த்தேன், வலஞ்சுழியாகத்தான் ஓடுகிறது. பம்பு மேல் உள்ள அம்பும் வலஞ்சுழிதான்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பின்பக்க விசிறியை நீங்கள் மோட்டாரின் முதுகுப் பக்கமிருந்து பார்க்கிறீர்கள். அங்கிருந்து வலஞ்சுழி என்றால் தண்டுப் பக்கமிருந்து அது இடஞ்சுழி. ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60034-8 தரத்தின்படி மோட்டாரின் சுழற்சித் திசையைச் சொல்வது தண்டுப் பக்கமிருந்து பார்த்துத்தான். பம்பின் அம்பு எந்தப் பக்கமிருந்து பார்க்க வரைந்தது என்பதையும் கவனியுங்கள். பம்பின் முன்முகத்திலிருந்து மோட்டாரை நோக்கிப் பார்க்கும் பார்வை, மோட்டாரின் தண்டு முனையைப் பார்க்கும் பார்வைதான். வலஞ்சுழி இடஞ்சுழி என்று மனதில் மொழிபெயர்க்காமல், விசிறியின் மேல்விளிம்பு எந்தச் சுவரை நோக்கி நகர்கிறது, அம்பின் மேல்பகுதி எந்தச் சுவரைக் காட்டுகிறது என்று ஒப்பிடுங்கள். ஒரே சுவர் என்றால் சரி.

தண்ணீர் வருகிறது என்பது சான்றல்ல. மையவிலக்கு பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும். அளவும் அழுத்தமும் குறைந்து வரும், உங்களுக்கு வருவது போலவே. இம்பெல்லரை (பம்புக்குள் நீரைத் தள்ளும் சக்கரம்) தண்டில் மரையால் முறுக்கியிருக்கும் வகையில் ஆபத்து அதிகம். எதிர்த்திசையில் ஓடினால் இம்பெல்லர் கழன்று வந்து உறையில் மோதும். அந்த வகைப் பம்பைத் தண்டிலிருந்து பிரித்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்ப்பதே நல்லது.

சோதிக்கும் முறை: மோட்டாரை ஒரு நொடி மட்டும் போட்டு அணைத்துவிடுங்கள். முழு வேகத்தில் கண் ஏமாறும். வேகம் குறைந்து நிற்கப்போகும் கடைசி இரண்டு மூன்று சுற்றில்தான் திசை தெளிவாகத் தெரியும்.

மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் திசை மாறும். மூன்றையும் வரிசையாக ஒவ்வோர் இடம் தள்ளினால் மாறாது. வரிசை அப்படியேதான் இருக்கும். மாற்றுவதை அந்த மோட்டாரின் இணைப்புப் பெட்டியிலேயே செய்யுங்கள். மெயின் பக்கம் மாற்றினால் அந்த லைனில் உள்ள மற்ற மூன்று ஃபேஸ் மோட்டார்கள் எல்லாம் தலைகீழாக ஓடத் தொடங்கும்.

ஒரு ஃபேஸ் கப்பாசிட்டர் மோட்டாரில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றிப் பயனில்லை. ஸ்டார்ட்டிங் சுற்றின் (மோட்டாரைக் கிளப்ப உதவும் கம்பிச்சுருள்) இரு முனைகளையும் ரன்னிங் சுற்றோடு (முக்கியக் கம்பிச்சுருள்) ஒப்பிட மாற்றி இணைக்க வேண்டும். அந்த முனைகள் தனித்தனியே வெளியே வந்திருந்தால் மட்டுமே இது எளிது.

ஆழ்துளைக் கிணற்றில் இறங்கியிருக்கும் நீர்மூழ்கி மோட்டாரைப் பார்க்கவே முடியாது. மூன்று ஃபேஸ் வகையில் ஒரு இணைப்பில் ஓட்டி அழுத்தத்தையும் நீரளவையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தி, இரண்டு ஒயரை மாற்றி, மறுபடி குறியுங்கள். எது கூடுதலோ அது சரியான திசை.

கேள்வி: கூரை மின்விசிறி ஓடுகிறது, காற்றே இல்லை. திசை மாறியிருக்கலாம் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான கூரை விசிறிகள் கீழே நின்று பார்க்க இடஞ்சுழியாக ஓடும்படி செய்யப்பட்டவை. ஆனால் திசைப் பெயரைவிட இறக்கையின் சாய்வைப் பார்ப்பதே உறுதியானது. இறக்கையின் இரண்டு ஓரங்களில் ஒன்று உயர்ந்திருக்கும், மற்றது தாழ்ந்திருக்கும். உயர்ந்த ஓரம் முன்னே போனால் காற்று கீழே வரும். தாழ்ந்த ஓரம் முன்னே போனால் காற்று கூரைக்குப் போகும்.

திசை மாற்றும் சுவிட்ச் உள்ள விசிறியில் அது தட்டுப்பட்டுவிட்டதா என்று முதலில் பாருங்கள். மற்றவற்றில் கப்பாசிட்டர் மாற்றியபோது இணைப்பு இடம் மாறியிருக்கும்: மெயின் ஒயர் ரன்னிங் சுற்றின் முனைக்குப் போகாமல் ஸ்டார்ட்டிங் சுற்றின் முனைக்குப் போயிருந்தால் விசிறி எதிர்த்திசையில், பலவீனமாக ஓடும். நீண்ட நேரம் அப்படி விட்டால் சூடாகும். சரிசெய்யும் முன் சுவிட்சை மட்டுமல்ல, மெயினையும் அணையுங்கள்; கப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கேள்வி: நாம் வலம்புரிச் சங்கு என்பதை உயிரியல் நூல்கள் இடப்பக்கச் சுருள் என்கின்றன. எது தவறு?

இரண்டும் சரி. பிடிக்கும் விதம் வேறு. உயிரியலாளர் சங்கின் கூர்ச்சுருள் முனை மேலே இருக்க, வாய் தம்மைப் பார்க்கும்படி பிடிப்பார். வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுருள், இடப்பக்கம் இருந்தால் இடச்சுருள். டர்பினெல்லா பைரம் என்ற சங்கினத்தில் கிட்டத்தட்ட எல்லாமே வலச்சுருள்தான். இடச்சுருள் மிக அரிது. அந்த அரியதைத்தான் வலம்புரி என்கிறோம். அதைக் கூர்முனை கீழே போகும்படி தலைகீழாக்கிப் பாருங்கள், வாய் வலப்பக்கம் வந்துவிடும்.

இங்கே சங்கின் முறுக்கு மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாய் எந்தப் பக்கம் என்பது பிடிக்கும் விதத்தைப் பொறுத்து மாறுகிறது. மரை வரி போலவே சங்கின் சுருளும் தலைகீழாக்கினால் மாறாத பொருள். அதற்கு வைத்த பெயர்தான் மாறுகிறது.

கேள்வி: அவரைக் கொடி எந்தப் பக்கம் சுற்றுகிறது? ஒரு நூலில் வலம், இன்னொன்றில் இடம் என்று இருக்கிறது.

அவரை ஏறும்போது மேலிருந்து பார்த்தால் நுனி இடஞ்சுழியாகப் போகும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் அதே நுனி வலஞ்சுழி. தாவரவியலாளர்களே நெடுங்காலம் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள், அதனால் பழைய நூலின் சொல்லை மட்டும் நம்ப முடியாது. கொம்பின் முன்னால் நின்று, தண்டு எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்று பாருங்கள். அவரை வலப்பக்கம் சாய்ந்து ஏறும், சாதாரண போல்ட்டின் மரையைப் போல.

நூற்பாலைக்காரர்கள் இந்தச் சண்டையை அழகாகத் தவிர்த்துவிட்டார்கள். நூலைச் செங்குத்தாகப் பிடித்து, இழைகளின் சாய்வு ஆங்கில 'எஸ்' எழுத்தின் நடுக்கோட்டைப் போல இருந்தால் எஸ் முறுக்கு, 'இசட்' எழுத்தின் நடுக்கோட்டைப் போல இருந்தால் இசட் முறுக்கு. எஸ், இசட் இரண்டையும் தலைகீழாக்கினாலும் அதே எழுத்துதான் வரும். இசட் முறுக்குக் கயிற்றைத் தரையில் சுருட்டும்போது மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுருட்டுங்கள். எதிர்த்திசையில் சுருட்டினால் முடிச்சு முடிச்சாகத் திருகிக்கொள்ளும்.

கேள்வி: கணிதத்தில் கோணம் இடஞ்சுழியில் கூடுகிறது, திசைகாட்டியில் வலஞ்சுழியில் கூடுகிறது, கணினித் திரையில் 30 பாகை திருப்பச் சொன்னால் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. எதை நம்புவது?

கணிதத்தில் வலப்பக்க அச்சிலிருந்து இடஞ்சுழியாக அளப்பது மரபு. திசைகாட்டியில் வடக்கிலிருந்து வலஞ்சுழி: கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. ஒன்றை மற்றொன்றாக்க 90-லிருந்து கழித்தால் போதும். விடை குறை எண்ணாக வந்தால் 360 கூட்டுங்கள். திசைகாட்டியின் 120 பாகை, 90 − 120 = −30, அதாவது கணிதத்தில் 330 பாகை. இதே சூத்திரம் திருப்பியும் செல்லும்.

திரையில் சிக்கல் வேறு. அங்கே ஒய் அச்சு (மேல்கீழ் அச்சு) கீழ்நோக்கி வளர்கிறது. சமன்பாடு அதேதான், அச்சு கவிழ்ந்ததால் படம் வலஞ்சுழியாகத் திரும்புகிறது. இணையப் பக்கங்களில் படம் காட்டப் பயன்படும் சி.எஸ்.எஸ்., எஸ்.வி.ஜி., கேன்வாஸ் மூன்றிலும் கூட்டல் குறியுள்ள கோணம் திரையில் வலஞ்சுழி. சரிசெய்ய ஒய் மதிப்பின் குறியை மாற்றலாம், அல்லது கோணத்தின் குறியை மாற்றலாம். பலரும் செய்யும் பிழை, இரண்டையும் மாற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நிற்பது. கேன்வாஸ் கோணத்தை ரேடியனில் (ஒரு முழுச் சுற்று சுமார் 6.28 ரேடியன்) கேட்கும், பாகையில் அல்ல. 30 என்று கொடுத்தால் நாலே முக்கால் சுற்றுக்கு மேல் சுற்றி எங்கோ நிற்கும், பார்க்கத் திசைப் பிழை போலவே இருக்கும்.

கேள்வி: பூமியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் காற்று வலப்பக்கம் விலகுகிறது என்கிறார்கள். அப்படியானால் புயல் வலஞ்சுழியாக அல்லவா சுற்ற வேண்டும்? தொட்டியில் இறங்கும் தண்ணீருக்கும் இது பொருந்துமா?

புயலின் மையத்தில் அழுத்தம் குறைவு. நாலாபுறமிருந்தும் காற்று மையத்தை நோக்கிப் பாய்கிறது. ஒவ்வொரு காற்றும் தன் வலப்பக்கம் விலகுவதால் மையத்தை நேரே அடையாமல், மையம் தன் இடக்கைப் பக்கம் இருக்கும்படி கடக்கிறது. இடக்கை உள்பக்கம் என்றால் மேலிருந்து பார்க்க இடஞ்சுழி. செயற்கைக்கோள் படம் மேலிருந்து பார்ப்பதுதான், அதனால் அதில் அப்படியே தெரியும். தென் அரைக்கோளத்தில் வலஞ்சுழி. வட அரைக்கோளத்தில் காற்று முதுகில் படும்படி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடப்பக்கம் என்ற மாலுமிகளின் விதியும் இதிலிருந்து வருவதே.

தொட்டிக்குப் பொருந்தாது. பூமியின் சுழற்சி அவ்வளவு சிறிய நீரில் காட்டும் விளைவு, தண்ணீர் ஊற்றியபோது ஏற்பட்ட கலக்கத்தைவிட மிகச் சிறிது. தொட்டியின் வடிவமும் குழாய் இருந்த பக்கமுமே திசையைத் தீர்மானிக்கும். அந்தச் சிறிய விளைவைப் பார்க்கவே முடியாதா என்றால், முடியும். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆஷர் ஷபிரோ 6 அடி விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 6 அங்குல ஆழத்துக்கு நீர் நிரப்பி, 24 மணி நேரம் அசையாமல் விட்டு, நடுத்துளையை மெல்லத் திறந்தார். நீர் இடஞ்சுழியாக இறங்கியது. 1962-இல் இது வெளியானது. 1965-இல் சிட்னியில் அதே போன்ற சோதனையில் வலஞ்சுழி கிடைத்தது.

கேள்வி: வேதியியலில் டி-ஃபிரக்டோஸ் இடஞ்சுழி என்கிறார்கள். 'டி' என்றால் வலஞ்சுழி இல்லையா?

சர்க்கரைக் கரைசல் வழியே போகும் ஒளியின் அதிர்வுத் தளம் ஒரு பக்கம் திரும்பும்; வேதியியலில் வலஞ்சுழி, இடஞ்சுழி என்பது அதைத்தான். பெரிய எழுத்து 'டி' மூலக்கூறின் அமைப்பைக் குறிக்கிறது, ஒளி திரும்பும் திசையை அல்ல. திசைக்குக் கூட்டல், கழித்தல் குறிதான் சான்று. சிறிய எழுத்து 'டி' ஒரு காலத்தில் வலஞ்சுழியைக் குறித்தது. குழப்பம் அங்கிருந்து வந்தது. இங்கும் பார்க்கும் பக்கம் உண்டு: ஒளி தன்னை நோக்கி வரும்படி நிற்பவருக்கு ஒளியின் தளம் வலஞ்சுழியாகத் திரும்பினால் கூட்டல். சுக்ரோஸின் அளவு +66.5 பாகை. அதை அமிலத்தில் பிளந்தால் கிடைக்கும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் கலவை இடஞ்சுழியாகிவிடும், ஃபிரக்டோஸின் இடஞ்சுழி குளுக்கோஸின் வலஞ்சுழியைவிடப் பெரியது என்பதால்.

கேள்வி: இயந்திரக் கையேடு ஒன்றைத் தமிழில் தயாரிக்கிறோம். வலஞ்சுழி, கடிகாரச் சுற்று, க்ளாக்வைஸ் – எதைப் பயன்படுத்துவது?

எதை எடுத்தாலும் கையேடு முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் விருப்பம் 'வலஞ்சுழி', 'இடஞ்சுழி'. சுருக்கமானவை, பாடநூலில் பழகியவை. எழுத்தில் நல்லவை, ஆனால் இரைச்சலான இடத்தில் வாயால் சொல்ல ஏற்றவையல்ல. முதல் இரண்டு எழுத்து காதில் விழாவிட்டால் இரண்டும் ஒன்றுதான். அங்கே 'கடிகாரத் திசை', 'எதிர்த்திசை' என்று சொல்லப் பழக்குங்கள். 'கடிகார முள் சுழலும் திசைக்கு எதிராக அல்லாமல்' என்ற மாதிரி வாக்கியங்களை எழுதவே வேண்டாம்.

மரைக்கும் கயிற்று முறுக்குக்கும் வலஞ்சுழி என்று எழுதாமல் வேறு சொல் வையுங்கள். 'சாதாரண மரை', 'எதிர்மரை' போதும். சுழற்சிக்கு வைத்த சொல்லையே முறுக்குக்கும் வைத்தால் 'இடஞ்சுழி மரையை இடஞ்சுழியாகத் திருப்பி' என்று எழுத நேரும்; அது கழற்றவா முறுக்கவா என்று படிப்பவர் நின்று யோசிப்பார். 'எதிர்மரை: நட்டுப் பக்கமிருந்து பார்க்க வலஞ்சுழியாகத் திருப்பினால் கழலும்' என்று முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு படத்திலும் பார்க்கும் பக்கத்தைக் குறியுங்கள். இயந்திரத்தின் மீதே அம்பு வரைவதானால், கப்பி அல்லது கப்ளிங்கின் வெளிவிளிம்பின் மேல், சுற்றும் வாக்கில் நேரான அம்பாக வரையுங்கள். எந்த முனையில் நின்று பார்த்தாலும் அது ஒரே நகர்வைக் காட்டும். கழற்றி மாட்டக்கூடிய மூடித்தகட்டில் வளைந்த அம்பு ஒட்ட வேண்டாம். தகடு எதிர்ப்பக்கத்தில் மாட்டப்பட்டால் அம்பும் தலைகீழாகிவிடும், அதை நம்பி ஓட்டுகிறவருக்குத் தெரியாது.